தாமதத்துக்கான காரணம்

சுகந்தி வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சை நிறுத்தியது. மற்றபடி அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பால் குளிர்ந்திருந்தது, ஐஸ் கட்டியிருந்தது, கதவைத் திறந்தால் விளக்கு எரிந்தது. ஹாலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் நாச்சிமுத்து வாயைக் கோணிக்கொண்டு ஏதோ சொன்னார். சுகந்தி வழக்கம்போல ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். அதிலிருந்து சத்தம் வரவில்லை. அவர் மறுபடி சொன்னார். அவள் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி மாட்டினாள், கதவைத் தட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்கு ஒரு எழுத்துகூட விளங்கவில்லை.

பேசாத ஃப்ரிட்ஜ் கடையில் கிடைக்காமல் போன காலம் அது. முட்டை தீர்ந்துவிட்டது, தயிர் புளித்துவிட்டது என்று சொல்வதற்காக எல்லாக் கம்பெனிகளும் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு குரலையும், கேட்பதற்கு ஒரு மைக்கையும், வீட்டு ஆட்களை அடையாளம் காண ஒரு கேமராவையும் வைத்திருந்தன. நாச்சிமுத்து சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். பம்ப்செட் மோட்டார்களுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது அவர் தொழில். வெண்பனி கம்பெனியின் ஃப்ரிட்ஜை வாங்கி வந்த புதிதில், மத்தியானம் சாப்பிட வரும்போதெல்லாம் அதனிடம் வம்பு பேசுவார். இன்னிக்கு என்ன குழம்பு என்று கேட்பார். அது பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பதைப் பார்த்துச் சுகந்தியிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள் பட்டறையிலேயே விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போனது. பேச்சு சிதறிப் போனது. இடது கையால் எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். எழுத்துகளும் கலைந்து வந்தன. மனசில் இருப்பது அப்படியே இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைந்துபோயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

நான்காவது மாதத்தில் ஒரு நாள் அவர் ஏதோ முனகியபோது, ஃப்ரிட்ஜ் தானாக, சார் வெந்நீர் கேட்கிறார் என்றது. சுகந்தி நம்பாமல் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடித்தார். அன்று அவள் அடுப்படியில் நின்று வெகுநேரம் அழுதாள். அடுத்த வாரம் கம்பெனியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் வீட்டில் பேசச் சிரமப்படும் ஒருவர் இருப்பதாகத் தெரிகிறது, அவருக்காக ஃப்ரிட்ஜ் பேசலாமா, முன்பு பதிவான அவருடைய குரலிலேயே பேசலாமா என்று கேட்டிருந்தார்கள். அவள் இரண்டுக்கும் சம்மதம் என்று அழுத்தினாள்.

அப்படித்தான் நாச்சிமுத்துவின் பழைய குரல் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அவர் நாற்காலியில் இருந்து முனகுவார். அடுத்த நொடி ஃப்ரிட்ஜ் அவருடைய நல்ல குரலில், சுகந்தி, காலை கொஞ்சம் நீட்டி விடு என்று சொல்லும். ஆறு வருடம் அவள் அந்தக் குரலோடுதான் குடித்தனம் செய்தாள். காலப்போக்கில் ஒன்றைக் கேட்பதானால் அவரைப் பார்த்துக் கேட்கும் வழக்கம் போய்விட்டது. பதில் எங்கிருந்து வருமோ அந்தப் பக்கம்தான் முகம் திரும்பும்.

சர்வீஸுக்குச் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் வில்சன் என்ற என்ஜினியர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நிதானமான ஆள். பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தார். குரல் போர்டு சூட்டில் கருகிவிட்டது என்றார். ஏழு வருட வாரண்டி முடிந்து தொண்ணூற்று நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த போர்டைக் கம்பெனி இப்போது செய்வதில்லை. புது ஃப்ரிட்ஜ் எடுத்தால் பழசுக்குத் தள்ளுபடி உண்டு. புதுசுக்கு அவர் பேச்சு புரியுமா என்று சுகந்தி கேட்டாள். முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும், இந்த ஃப்ரிட்ஜ் கற்றது கம்பெனியின் சொத்து, வேறு பெட்டிக்கு மாற்ற விதி இல்லை என்றார் வில்சன். மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலத்தான் சொன்னார். போகும்போது மட்டும் வாசலில் நின்று, காந்திபுரத்தில் ஒரு நுகர்வோர் சங்கம் இருக்கிறது, அங்கே ஹமீதா என்று ஒரு வக்கீலம்மா வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹமீதா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒரு விஷயத்தை விளக்கினார். வாரண்டி என்பது கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்கு. அது முடிந்தால் அந்த வாக்குதான் முடியும், வாங்கியவரின் உரிமை முடியாது. செய்யும்போதே உள்ளே இருந்த குறைக்கு வாரண்டித் தேதி குறுக்கே நிற்க முடியாது. ஆனால் குறை முதலிலேயே இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். பில் நாச்சிமுத்துவின் பெயரில் இருந்ததால் அவரைப் புகார்தாரராக வைத்து, அவருக்காகச் சுகந்தி கையெழுத்துப் போட, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு பதிவானது.

கம்பெனி வக்கீல் சுருக்கமாகப் பேசினார். குளிர்விப்பதுதான் ஃப்ரிட்ஜின் வேலை, அது குளிர்விக்கிறது. குரல் ஒரு இலவச வசதி. இதில் என்ன குறை என்று கேட்டார். ஆணையத் தலைவர் சுகந்தியை எழுந்து பேசச் சொன்னார்.

"ஐயா, பால் கெட்டா வேற பால் வாங்கிக்கலாமுங்க. எனக்கு என் வீட்டுக்காரரு பேசோணும். அத்தனைதானுங்க."

வழக்கு எட்டு மாதம் நடந்தது. அந்த எட்டு மாதத்தில் வீட்டில் வேறொன்றும் நடந்தது. கேட்க வேறு வழியில்லாமல் சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார ஆரம்பித்தாள். அவர் வாயை, கண்ணை, இடது கையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்பாள். இதுவா, அதுவா? சரியென்றால் கண்ணை மூடித் திறப்பார். அதுவும் சில நேரம் மாறிப் போகும், மறுபடி கேட்க வேண்டும். ஒரு வார்த்தைக்குக் கால் மணி நேரம் ஆன நாளும் உண்டு.

அப்படிக் கேட்டபோது சில ஆச்சரியங்கள் இருந்தன. ஆறு வருடமாக விரும்பிக் கேட்டுச் சாப்பிட்ட சேமியா உப்புமாவை அவர் வேண்டாம் என்று தள்ளினார். சாயங்காலம் ஐந்து மணியானால் கதவைப் பார்த்து, வெயி, வெயி என்றார். வெயில் அடிக்கிறது என்கிறாரோ என்று திரையை இழுத்து விட்டாள். மூன்று வாரம் கழித்துத்தான் அது வெளியே என்று பிடிபட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குளத்துக்கரைக்குக் கூட்டிப் போனாள். தண்ணீரைப் பார்த்ததும் அவர் கண்ணில் நீர் வழிந்தது. மனுசனுக்கு இப்போதுதான் வெளியே வர ஆசை வந்திருக்கிறது என்று சுகந்தி சந்தோஷப்பட்டாள். அன்றிலிருந்து தினமும் கூட்டிப் போனாள்.

ஐந்தாவது மாதத்தில் ஹமீதா ஒரு மனு போட்டார். அந்த ஃப்ரிட்ஜ் அனுப்பிய பதிவு முழுவதும் கம்பெனியிடம் இருக்கிறது. போர்டு எப்போது சூடாக ஆரம்பித்தது என்பது அதில் தெரியும். அதைக் கொடுக்க உத்தரவிட வேண்டும். ஆணையம் உத்தரவிட்டது. யார் படிக்கப் போகிறார்கள் என்ற எண்ணத்திலோ என்னவோ, கம்பெனி எதையும் பிரிக்காமல் பெரிய கட்டாகக் கொடுத்தது. நான்காவது வருடத்திலிருந்தே போர்டு அளவுக்கு மேல் சூடானது அதில் இருந்தது. ஒவ்வொரு முறையும் கம்பெனிக்குத் தகவல் போயிருக்கிறது. வாரண்டி உயிரோடு இருந்த காலம் அது. ஹமீதாவுக்கு வழக்கு ஜெயித்த மாதிரிதான்.

ஆனால் அவர் மீதிப் பக்கங்களையும் படித்தார். படித்துவிட்டு இரண்டு நாள் சுகந்திக்குப் போன் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலை சங்கத்துக்கு வரச் சொன்னார். மேஜையில் நாலைந்து தாள்கள் மட்டும் தனியாக இருந்தன.

பதிவு கட்டம் கட்டமாக இருந்தது. நேரம். நாச்சிமுத்து சொன்னதாக ஃப்ரிட்ஜுக்குக் கேட்டது. ஃப்ரிட்ஜ் வாய்விட்டுச் சொன்னது. கடைசியில் கேட்டவரின் திருப்தி என்று ஒரு எண்.

சுகந்தி முதல் தாளைப் படித்தாள். பக்கவாதம் வந்து இரண்டாவது வருடம், ஆடி மாதம். அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. பட்டறை மூடிக் கிடக்கிறது, லேத் இரண்டும் துருப்பிடிக்கிறது, அரசூர்க்காரர் ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாமா என்று அவள் ஃப்ரிட்ஜின் பக்கம் நின்று கேட்டிருந்தாள். உன் இஷ்டம் சுகந்தி, வித்துரு என்று அந்தக் குரல் சொன்னது. அவளுக்குப் பெரிய பாரம் இறங்கியது.

தாளில் கேட்டது என்ற கட்டத்தில், விக்காத, மணியன் ஓட்டட்டும் என்று இருந்தது. சொன்னது என்ற கட்டத்தில், உன் இஷ்டம் சுகந்தி, வித்துரு. திருப்தி தொண்ணூற்று ஒன்பது.

மணியன் அந்தப் பட்டறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன். லேத் போன பிறகு குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

அதற்கடுத்த வரிகளில் அதே நாளில் இன்னும் பதினேழு முறை, விக்காத, விக்காத என்று இருந்தது. ஃப்ரிட்ஜ் அவற்றுக்கு, களைப்பா இருக்கு, கண்ணை மூடறேன், விளக்க அணை என்று சொல்லியிருந்தது. அந்த வாரம்தான் நாச்சிமுத்து இடது கையால் டம்ளரைத் தூக்கி ஃப்ரிட்ஜின் மேல் எறிந்தார். பக்கவாதம் வந்தவர்களுக்கு இப்படிக் கோபம் வருவது சகஜம் என்று சொல்லி டாக்டர் ஒரு மாத்திரை சேர்த்தார். அந்த மாத்திரையைச் சுகந்திதான் தினமும் பொடித்துக் கொடுத்தாள்.

அடுத்த தாளில் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஐந்து மணி மட்டும் இருந்தது. கேட்டது, வெளியே கூட்டிட்டுப் போ. சொன்னது, டிவி போடு. அடுத்த நாளும் அதேதான். அதற்கு அடுத்த நாளும். தாளின் கடைசி வரை அப்படியே போனது.

கடைசித் தாளில் ஹமீதா தாமே எண்ணி எழுதியிருந்தார். முதல் வருடம் நாச்சிமுத்து ஒரு நாளைக்குச் சராசரியாக நாற்பது முறை பேச முயன்றிருக்கிறார். இரண்டாவது வருடம் முப்பது. ஆறாவது வருடம் நான்கு.

அவர் இப்போதெல்லாம் அமைதியாகிவிட்டார், மனசு பக்குவப்பட்டுவிட்டது என்று சுகந்தி உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த வருடம் அது.

ஹமீதா தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். இதைக் கேஸில் காட்டத் தேவையில்லை, சூட்டைப் பற்றிய பக்கங்களே போதும் என்றார். சுகந்தி தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த விசாரணையில் போர்டைப் பற்றிச் சாட்சி சொல்ல வில்சன் வந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்கினார். வராந்தாவில் சுகந்தி அவரை நிறுத்தி, பையிலிருந்த தாளை எடுத்துக் காட்டினாள். அது ஏன் பொய் சொன்னது என்று கேட்டாள். வில்சன் தாளைப் படித்தார். பிறகு வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அதுக்குப் பொய்யின்னா என்னன்னு தெரியாதுங்க மேடம். சார் பேசறதுல பாதிதான் வெளங்கும், மீதிய அது ரொப்போணும். எதைச் சொன்னா கேக்கறவங்க முகம் தெளியுதுன்னு கேமராவுல பாக்கும். முகம் தெளிஞ்சா அதுதான் சரின்னு எடுத்துக்கும். அடுத்த தடவையும் அந்தப் பக்கமே சாயும்."

"யாரு முகத்தைங்க?"

வில்சன் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"கேட்டவங்க நீங்கதானுங்களே."

கம்பெனிக்கு இது தெரியுமா என்று அவள் கேட்டாள். வீட்டார் திருப்தி என்று மாதாமாதம் ஒரு எண் வரும், அது குறைந்தால்தான் மீட்டிங் போடுவார்கள், உங்கள் வீட்டில் ஒரு மாதமும் குறைந்ததில்லை என்றார் அவர். இதைத் தாம் சொன்னதாக எங்கும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். எழுந்து இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து, முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், போர்டு போனது ஒரு வகையில் நல்லதென்று அன்றைக்கே நினைத்தேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் சுகந்தி நாச்சிமுத்துவிடம் எதுவும் சொல்லவில்லை. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், சாயங்காலம் குளத்துக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நான்காவது நாள் கரையில் வழக்கமாக நிற்கும் இடத்தில் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு அவருக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, பட்டறைய விக்காதன்னு சொன்னீங்களா?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு கண்ணை மூடித் திறந்தார். இந்த முறை மாறிப் போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மறுபடி கேட்டு உறுதி செய்யவில்லை.

நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் அப்படியே இருந்தாள். ஃப்ரிட்ஜ் தப்புத்தப்பாகச் சொல்வது அவர் காதிலும்தானே விழுந்தது. முதலில் மல்லுக்கட்டினார், சரி. அப்புறம் ஏன் விட்டுவிட்டார் என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல முயன்றார். சி, ச்ச என்று வந்தது. சிரமமா என்று கேட்டாள். இல்லை. சீக்கா? இல்லை. அவர் இடது கையைத் தூக்கி, ஒரு விரலால் அவள் கன்னத்தைத் தொட்டார். அப்போதும் அவளுக்குப் பிடிபடவில்லை. வெயில் இறங்கி, கரையில் கூட்டம் குறைந்த பிறகுதான் அந்த வார்த்தை வந்து சேர்ந்தது.

"சிரிச்ச."

"நானுங்களா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் அவள் சிரித்திருக்கிறாள். அவர் விழுந்த பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது அப்போது மட்டும்தான். அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அவர் சொன்னது ஒரு வார்த்தைதான். மீதியைச் சுகந்தி தானாகத்தான் நிரப்பிக்கொண்டாள். நிரப்பியது சரியா என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

ஆறு வாரத்தில் தீர்ப்பு வந்தது. வாரண்டிக் காலத்திலேயே குறை இருந்தது, கம்பெனிக்கு அது தெரிந்தும் இருந்தது, ஆகவே வாரண்டி முடிந்துவிட்டது என்று கைகழுவ முடியாது, போர்டைச் செய்தாவது பொருத்தி, கற்ற குரலை அப்படியே திருப்பித் தர வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. சங்கத்தில் எல்லோரும் ஹமீதாவுக்குக் கை கொடுத்தார்கள். பத்திரிகையில் சின்னதாகச் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு நாச்சிமுத்துவின் தங்கை போன் செய்து, இனி அண்ணன் குரலைக் கேட்கலாம் என்று சந்தோஷப்பட்டாள். சுகந்தி ஆமாம் என்று மட்டும் சொன்னாள்.

வில்சன் ஒரு வியாழக்கிழமை காலையில் புது போர்டோடு வந்தார். ஆணையத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று அதைப் பொருத்தினார். ஆன் செய்யட்டுமா என்று சுகந்தியைக் கேட்டார். சுகந்தி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். ஒரு தடவைக்கு மூன்று தடவை ஆட்டினார். வில்சன் போர்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, உள்ளேயே மடித்து வைத்துவிட்டு மூடியைப் போட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. இதே மாதிரிக் குரல் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று ஹமீதா விசாரிக்கத் தொடங்கியிருந்தார். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களில் மட்டும் நூற்று எழுபது வீடு தெரியவந்தது. சுகந்தியும் அவரோடு உட்கார்ந்து சிலரிடம் போனில் பேசினாள். ஈரோட்டில் ஒரு பெண்ணின் மாமியாருக்கு நாலு வருடமாக ஃப்ரிட்ஜ்தான் பேசுகிறது. சுகந்தி நடந்ததையெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பெண் முழுவதும் கேட்டுவிட்டு, எங்க வீட்டில் அத்தை சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். சுகந்திக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் யாராவது தனக்குப் போன் செய்திருந்தால் தானும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று ஹமீதாவிடம் சொன்னாள்.

அதனால் ஆணையத்தில் இன்னொரு மனு போட வேண்டும் என்று ஹமீதா சொன்னார். முதல் மனு ஃப்ரிட்ஜ் பேச்சை நிறுத்தியதற்கு. இது, அது பேசியதற்கு. ஜெயித்தால் எல்லா வீட்டுப் பதிவையும் அந்தந்த வீட்டாருக்குக் காட்டச் சொல்லலாம். ஆனால் நாச்சிமுத்து சொன்னதையும் ஃப்ரிட்ஜ் சொன்னதையும் திறந்த அறையில் எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டியிருக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். சுகந்தி தானாக முடிவு செய்யவில்லை, வீட்டுக்குப் போய் அவரைக் கேட்டாள். அவர் சம்மதம் சொன்னார்.

மனுவை அவரே சொல்லச் சொல்ல எழுதுவது என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் எழுதப் பதினோரு நாள் ஆனது. குறை எப்போது தெரியவந்தது என்று ஒரு இடத்தில் எழுத வேண்டும். சுகந்தி, சங்கத்தில் தாள்களைப் படித்த தேதியை எழுதினாள். நாச்சிமுத்து இல்லை என்று தலையை ஆட்டினார். எந்தத் தேதி என்று நாலைந்து விதமாகக் கேட்டும் விளங்கவில்லை. மறுநாள் விளங்கியது. ஃப்ரிட்ஜ் அவருக்காகப் பேச ஆரம்பித்த முதல் நாள். அன்றைக்கு அவர் கேட்டது வெந்நீர் இல்லை.

பிறகு என்ன கேட்டீர்கள் என்று சுகந்தி கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்தார். அவருக்கே மறந்துபோயிருந்தது.

அந்தத் தேதியைப் பார்த்ததும் ஹமீதா பேனாவை மூடி வைத்தார். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஃப்ரிட்ஜை வாங்கியவர் நாச்சிமுத்து. அவருக்கு முதல் நாளே தெரியும் என்றால், கெடு முடிந்து நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது.

"அக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச தேதியவே போட்டுக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"வேண்டாமுங்க. அவரு சொன்னதை மாத்தி எழுதறதுக்கா இந்த மனு?"

ஹமீதா பேனாவை மறுபடி திறந்தார். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனு சேர்த்துப் போடலாம், தகுந்த காரணம் இருந்தால் ஆணையம் ஏற்றுக்கொள்ளும் என்றார். காரணத்தை அவரே டைப் செய்தார். புகார்தாரர் பேச இயலாத நிலையில் இருந்தபடியால் உரிய காலத்தில் புகார் செய்ய முடியவில்லை என்று சட்டத் தமிழில் ஒரே வரி. அதை வாங்கிக்கொண்டு சுகந்தி வீட்டுக்கு வந்தாள். கையெழுத்துப் போட்டு மறுநாள் கொடுக்க வேண்டும்.

அந்த மனு ஏற்கப்பட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. நூற்று எழுபது வீடுகளில் இருபத்திரண்டு வீட்டார் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஆணையத்துக்குப் போனது ஹமீதா எழுதிய வரி இல்லை.

சுகந்தி அன்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த வரியை அடித்துவிட்டு, அதன் கீழே தன் கையெழுத்தில் எழுதினாள். புகார்தாரர் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கேட்டிருக்க வேண்டியவள் நான். எழுதியதை நாச்சிமுத்துவுக்கு வாசித்துக் காட்டினாள்.

முதல் வாக்கியத்துக்கு அவர் கண்ணை மூடித் திறந்தார். இரண்டாவதுக்குத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றார். இடது கையை நீட்டித் தாளில் அந்த வரியின் மேல் விரலை வைத்து, குறுக்காக இழுத்துக் காட்டினார். அடித்துவிடு.

அவர் சொன்னது இந்த முறை சுகந்திக்கு உடனே புரிந்தது. ஒரு எழுத்துகூடப் பாக்கியில்லாமல் புரிந்தது. அவள் அந்த வரியை அடிக்கவில்லை.